மின்கலப் பேழையும் வாயுப் போக்கும்

அடுப்பிலே சோற்றுலை கொதிக்கும்போது மூடியைச் சற்றே விலக்கி வைப்பது நம் இல்லங்களில் நாள்தோறும் காணும் செயலாகும். மூடியை இறுக்கி அதன்மேற் கல்லை ஏற்றி வைப்பார் எவரும் இலர். உள்ளே எழும் ஆவிக்கு நாம் வழிவிடாவிடின் அது தானே ஒரு வழியை உண்டாக்கிக்கொள்ளும் என்பதனையும், அவ்வழி நாம் விரும்பும் இடத்தில் அமையாது என்பதனையும் அடுக்களை அறிவே நமக்குக் கற்பித்துள்ளது. 17 ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டினரான தெனி பப்பேன் என்பார் ஆவியை அடக்கிச் சமைக்கும் பாத்திரத்தை அமைத்தபோது, அமுக்கம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் காவல் வால்வினையும் அதனோடு சேர்த்தமைத்தார். பின்வந்த நீராவிப் பொறிகளின் கொதிகலன்கள் பல, அவ்வால்வு செயலற்றபோது வெடித்து உயிர்களைக் கொண்டன. அன்று கொதிகலன் அமைத்தோர் கற்ற பாடத்தை இன்று மின்கலங்களுக்குப் பேழை அமைப்போர் மீண்டும் கற்கின்றனர். அப்பாடம் யாது என்பதனையும், அதனைக் கற்க நேர்ந்த வகையினையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கலமும் புதிய கலமும்

மின்கலத்துக்கும் வாயுவுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1859 இல் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த ஈயச் சேமிப்புக்கலம் மின்னேற்றம் நிறைவெய்தும் வேளையில், அதன் அமிலத்திலுள்ள நீர் பகுக்கப்பட்டு ஐதரசனும் ஒட்சிசனும் குமிழிகளாக எழுகின்றன. காற்றிலே நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் கலந்திருப்பினும் அக்கலவை சிறு பொறியாற் பற்றிக்கொள்ளும். கலத்தின் அடைப்பான்களிலே சிறு துளை இருப்பதும், மின்னேற்றும் அறையின் சாளரங்களைத் திறந்துவைக்குமாறு ஆய்வுகூட ஆசிரியர் வற்புறுத்துவதும் இது பற்றியேயாம். காற்றோட்டத்துக்குச் சாளரம் இல்லாத நீர்மூழ்கிக் கப்பல்களில் இவ்வாபத்து மிகப் பெரிது. 1949 ஆம் ஆண்டு ஆகத்து 26 ஆம் நாள் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான கொச்சினோ, நோர்வே நாட்டுக்கு அப்பாலுள்ள கடலிலே, சேமிப்புக்கலங்களிலிருந்து எழுந்த ஐதரசன் வெடித்ததனாலும் அதனைத் தொடர்ந்த தீயினாலும் மூழ்கியது.

1991 இல் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் கலம் இதனின் வேறான இயல்பினது. அது முற்றாக மூடப்பட்டது. நலமாயிருக்கும் காலமெல்லாம் அதிலிருந்து வாயு வெளிவருவதில்லை. ஈயக்கலம் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிவிடுவதனை இக்கலம் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் வெளிவிடாதிருக்கலாம். ஆயின் பழுதுற்று வெளிவிடுமாயின், சில விநாடிகளுக்குள் அனைத்தையும் வெளிவிடும். ஆதலின், சாளரத்தைத் திறந்து வைத்தல் என்னும் பழைய விதி ஈண்டுப் போதாது. வாயு எப்போது வரும் என்று அறியாத நிலையில், வந்த கணத்திலேயே அதனை ஏற்று வழிப்படுத்தும் பேழை வேண்டும்.

கலம் கட்டுமீறும் முறை

இலிதியம் அயன் கலத்தினுள்ளே ஒரு புறம் காரீயம் பூசிய செப்புத் தகடும், மறுபுறம் உலோக ஒட்சைட்டு பூசிய அலுமினியத் தகடும் உள. இரண்டுக்கும் நடுவே, மயிரினும் மெல்லிய நுண்டுளைப் பிளாத்திக்குத் தாள் ஒன்று பிரிப்பாக நிற்கின்றது. இவை யாவும் எளிதில் தீப்பற்றும் சேதனத் திரவம் ஒன்றில் தோய்ந்துள்ளன. எரிபொருளும், ஒட்சிசனைத் தன்னுட் கொண்ட பொருளும், அவற்றைப் பிரிக்கும் ஒரு தாளும் ஒரே சிமிழுக்குள் அடைபட்டிருக்கின்றன என்று கூறின் அது மிகையாகாது.

தயாரிப்பிற் புகுந்த நுண்துகளாலோ, மிகையான மின்னேற்றத்தாலோ, வெளியிலிருந்து வந்த வெப்பத்தாலோ, மோதலாலோ கலம் சூடேறத் தொடங்கலாம். ஏறக்குறைய 80 முதல் 120 பாகை சதமவளவைக்குள் காரீயத்தின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து தானும் வெப்பத்தை வெளிவிடும். ஏறக்குறைய 130 பாகையிற் பொலிதீனாலான பிரிப்புத் தாள் உருகும். அதன்பின் இரு தகடுகளும் தொடுதலால் உட்குறுஞ்சுற்று நிகழும். ஏறக்குறைய 200 பாகையை அடுத்து, கோபாற்று, நிக்கல் முதலியவற்றைக் கொண்ட ஒட்சைட்டுக்கள் தம்முள் இருந்த ஒட்சிசனை விடுக்கும். ஒவ்வொரு தாக்கமும் அடுத்த தாக்கத்துக்கு வேண்டிய வெப்பத்தைத் தருவதால், வெளியிலிருந்து எதுவும் ஊட்டாமலே வெப்பநிலை பல நூறு பாகைக்குத் தாவும். இதனையே வெப்பக் கட்டுமீறல் என்பர். இந்நிலையடைந்த கலத்தைப் புறத்தே நின்று தடுத்து நிறுத்தும் வழி நடைமுறையில் இல்லை.

அப்போது வெளிவருவன ஐதரசன், காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு, மெதேன், எதிலீன், மின்பகு திரவத்தின் ஆவி, சிறிதளவு ஐதரசன் புளோரைட்டு என்பனவாம். இவற்றுட் பல எரிவன, சில நஞ்சு. இவற்றோடு செந்தணலாகக் காய்ந்த கரித்துகள்களும் உலோகத்துகள்களும் சீறி வருகின்றன.

கலத்தை அமைப்போர் இதனை அறியாதவரல்லர். உருளைக் கலங்களின் தலைப்பகுதியிலே, உள்ளமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பத்து மடங்கினைக் கடந்த பின்னர்ப் பிளந்து வழிவிடும் மெல்லிய தகடொன்று உண்டு. கலம் குண்டுபோல் வெடியாமற் காப்பது அதுவே. ஆயினும் கலத்தின் வாய் திறந்தவுடன் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அது பேழையின் தலையில் ஏறுகின்றது.

ஒரு சிறு கணக்கு

18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடைய உருளைக் கலம் மடிக்கணினிகளிலும் கைவிளக்குகளிலும் பரவலாகக் காணப்படுவது. அதன் கனவளவு ஏறக்குறைய 16½ கன சதமமீற்றர். இவ்வளவினவாகிய கலங்களிற் செய்த ஆய்வுகளில், இரசாயன வகைக்கு ஏற்ப, ஒரு கலம் 1 முதல் 6 இலீற்றர் வரை வாயுவை வெளிவிட்டமை அளக்கப்பட்டுள்ளது. 6 இலீற்றர் என்பது கலத்தின் கனவளவினும் முந்நூறு மடங்குக்கு மேற்பட்டது.

இறுக மூடிய பேழையொன்றினுள் கலங்கள் போக எஞ்சிய வெற்றிடம் 10 இலீற்றர் எனக் கொள்வோம். ஒரு கலம் 6 இலீற்றர் வாயுவை வெளிவிட, அது அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், உள்ளமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஐந்தில் மூன்று பங்கால் உயரும். பேழையின் மூடி 20 சதமமீற்றர் அகலமும் 30 சதமமீற்றர் நீளமும் உடையதாயின், அதன்மேல் உள்ளிருந்து தாக்கும் விசை ஏறக்குறைய 370 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். வாயு குளிர்ந்து வருவதில்லை. பேழையினுள்ளே சராசரி வெப்பநிலை 300 பாகை எனக் கொண்டால் அவ்விசை 1,200 கிலோகிராம் நிறையையும் கடக்கும். நான்கு திருகாணிகளாற் பூட்டிய பிளாத்திக்கு மூடி இதனைத் தாங்குமா என்பதனை மாணவர் தாமே உய்த்துணர்க. இது ஒரு கலம் செய்யும் செயல். மின்வாகனம் ஒன்றிலே இத்தகைய கலங்கள் ஆயிரக்கணக்கில் இருத்தல் கூடும்.

பேழையை இன்னும் தடித்த உருக்காற் செய்து வாயுவை அடக்கிவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அடக்கும் வலிமை கூடக்கூட, இறுதியில் உடையும்போது வெளிப்படும் ஆற்றலும் கூடும் என்பதனை அவர் மறந்துவிடலாகாது. உள்ளே காற்றும் எரிவாயுவும் தக்க விகிதத்திற் கலந்து பற்றுமாயின், மூடிய இடத்தில் அமுக்கம் தொடக்க அளவினும் ஏழெட்டு மடங்காக உயரும்.

விமானம் கற்பித்த பாடம்

2013 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் விமான நிலையத்திற் பயணிகள் இறங்கிய பின்னர் நின்றுகொண்டிருந்த யப்பானிய போயிங் 787 விமானம் ஒன்றிலே புகை எழுந்தது. விமானம் தரையில் நிற்கும்போது துணைப்பொறியை இயக்கத் தொடக்கும் இலிதியம் அயன் மின்கல அடுக்கிலிருந்து அப்புகை வந்தது. எட்டே கலங்களைக் கொண்ட அவ்வடுக்கில் ஒரு கலத்தில் நேர்ந்த உட்குறுஞ்சுற்று ஏனைய கலங்களுக்கும் பரவியிருந்தது. ஒன்பது நாள் கழித்து, சனவரி 16 இல், யப்பானில் 137 பேருடன் பறந்துகொண்டிருந்த அதே வகை விமானம் ஒன்றில் முதன்மை மின்கல அடுக்கு புகைந்தது. விமானி தக்கமற்சு நகரில் இறக்க, யாவரும் சறுக்குப் பாதை வழியே வெளியேறினர். அப்போது உலகெங்கும் சேவையிலிருந்த அவ்வகை விமானங்கள் ஐம்பதும் பறவாது நிறுத்தப்பட்டன.

ஒரு கலம் புகைவிடும் நிகழ்ச்சி ஒரு கோடி பறப்பு மணித்தியாலத்துக்கு ஒருமுறையினும் அரிதாகவே நேரும் என்று அமைப்பாளர் கணித்திருந்தனர். இரு நிகழ்ச்சிகளும் நேர்ந்தபோது அவ்வகை விமானங்கள் அனைத்தும் சேர்ந்து பறந்த காலம் ஓரிலட்சம் மணித்தியாலத்தை எட்டவில்லை. ஒரு கலத்தின் பழுது அடுத்த கலத்துக்குத் தாவாது என்ற கொள்கையும் பொய்த்தது. பேழையிலிருந்து விமானத்தின் புறத்தே செல்லும் தனிக்குழாய் எதுவும் அப்போது இருக்கவில்லை.

திருத்தம் செய்தோர் மேற்கொண்ட வழி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கலத்தின் பழுதுக்கு மூலகாரணம் யாதென ஐயமற நிறுவுதல் அவர்க்கு இயலவில்லை. ஆகவே, பழுது மீண்டும் நேரும் என்றே கொண்டு அவர் பேழையை அமைத்தனர். கலங்களுக்கிடையே வெப்பமும் மின்னும் கடவாத தடுப்புக்களை வைத்தனர். அடுக்கு முழுவதனையும் கறையில் உருக்காலான தடித்த பேழை ஒன்றினுள் அடக்கினர். அப்பேழையிலிருந்து தைத்தானியக் குழாய் ஒன்றை விமானத்தின் புறத்தோல்வரை நீட்டி, அமுக்கம் உயர்ந்தாற் பிளக்கும் தகடொன்றினால் அவ்வழியைக் காத்தனர். 2013 ஏப்பிரில் இறுதியில் விமானங்கள் மீண்டும் பறந்தன.

இவ்வமைப்புக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 2014 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், யப்பானின் நரித்தா விமான நிலையத்திற் பறப்புக்கு ஆயத்தமாகிய 787 ஒன்றின் வெளியே வெண்புகை வருவதைப் பணியாளர் கண்டனர். எட்டுக் கலங்களில் ஒன்று வாயுவை உமிழ்ந்திருந்தது. ஏனையவற்றிற்குத் தீ பரவவில்லை. புகை விமானத்தினுட் புகவில்லை. கலம் முன்போலவே பழுதுற்றது. பேழையோ தன் கடனைச் செய்தது. ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடே பேழை அமைப்புக் கலையின் பயன்.

கதவைத் திறந்தபோது

விமானத்தினுள்ளே எட்டுக் கலங்களுக்குப் பொருந்திய நியதி, நகருக்கு மின்சாரம் சேமிக்கும் மாபெரும் அடுக்குக்களுக்கும் பொருந்தும். அங்கே பேழை என்பது ஓர் அறையாக விரிந்துவிடுகின்றது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சர்ப்பிரைஸ் என்னும் நகரிலே, 27 நிலையடுக்குக்களில் இலிதியம் அயன் கலங்களைக் கொண்ட சேமிப்பறை ஒன்று இருந்தது. 2019 ஏப்பிரில் 19 ஆம் நாள் மாலை 5 மணியளவில் ஓரடுக்கில் வெப்பக் கட்டுமீறல் தொடங்கியது. புகையை உணர்ந்த தானியங்கிக் கருவி தீயணைக்கும் வாயுவை அறையினுள் நிரப்பியது.

ஈண்டுதான் எதிர்பாராத தீங்கு விளைந்தது. சுவாலையை அவித்தற்குரிய அவ்வாயுவால், கலத்திலிருந்து கலத்துக்குத் தாவும் வெப்பத்தைத் தடுக்க இயலவில்லை. கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உமிழ்ந்த எரிவாயு எரியாமலே அறையினுள் தங்கியது. அதனை வெளியேற்றக் காற்றோட்டமும் இல்லை. வெடித்தால் அமுக்கத்தை மேலே விடுவிக்கும் பலகையும் இல்லை. உள்ளே என்ன நிகழ்கின்றது என்று புறத்தே காட்டும் கருவியும் இல்லை. மூன்று மணித்தியாலம் கழித்து, இரவு 8 மணியளவில் தீயணைப்பு வீரர் கதவைத் திறந்தனர். சில நிமிடங்களில் அறை வெடித்தது. வீரர் நால்வர் கடுங்காயமுற்றனர். முதற் பழுதின் காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயின் வாயு தங்கியமையே வெடிப்புக்கு ஏது என்பதில் ஐயமில்லை.

அடைபட்ட அறையில் எரிவாயு மிகுந்து காற்றுக் குறைந்திருக்கும்போது அது பற்றாதிருக்கலாம். கதவு திறந்தவுடன் காற்றுப் புகுகின்றது. கலவை பற்றும் விகிதத்துக்கு இறங்கி வருகின்றது. எங்கோ ஒரு தணல் காத்திருக்கின்றது. வளிமண்டல அமுக்கத்திற் பத்திலொரு பங்கு மட்டுமே மிகுந்தாலும், 2 சதுர மீற்றர் பரப்புள்ள கதவின்மேல் 2 தொன் நிறைக்குச் சமமான விசை தாக்கும். அக்கதவின் முன்னே மனிதன் நிற்கின்றான்.

2021 ஏப்பிரில் 16 இல் பெய்ஜிங் நகரின் பெங்தாய்ப் பகுதியில் இத்தகைய சேமிப்பு நிலையமொன்று வெடித்துத் தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். அங்கிருந்தவை, தீப்பற்றும் இயல்பு குறைந்தவை என்று கருதப்படும் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள். இவ்வகைக் கலம் வெளிவிடும் வாயு குறைவெனினும், அவ்வாயுவில் ஐதரசன் பெரும்பங்கு வகிக்கக்கூடும். எரியாத வாயு அழிந்த வாயுவன்று என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பேழை அமைப்போன் கைக்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் விதிகளை ஒருவாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, பேழையின் மெலிந்த இடம் எது என்பதனை அமைப்போனே தெரிவு செய்தல் வேண்டும். எப்பேழையிலும் ஒரு மெலிந்த இடம் உண்டு. அதனைத் தெரியாது விட்டால் மூடியின் விளிம்போ, கம்பி புகும் துளையோ அவ்விடமாகிவிடும். திறக்கும் தகட்டின் அமுக்கம், பேழையின் பொருத்துக்கள் தாங்கும் அமுக்கத்தினும் போதிய அளவு குறைந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பேழைக்கு இருவகை மூச்சு உண்டு. வெயிலாலும் மலையேற்றத்தாலும் நாள்தோறும் ஏற்படும் சிறு அமுக்க வேறுபாட்டைச் சமன் செய்ய, நீரைத் தடுத்துக் காற்றை விடும் நுண்டுளை மென்சவ்வு போதும். கட்டுமீறிய கலத்தின் வாயுவுக்கு அது போதாது. அதற்கெனப் பெருவாயில் தனியே வேண்டும். அவ்வாயிலின் பரப்பை, வாயுவின் மொத்த அளவைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் தவறு. எத்தனை விநாடியில் அது வருகின்றது என்பதே முதன்மையானது.

மூன்றாவது, கலத்தின் வாய்க்கு எதிரே இடம் விடுதல் வேண்டும். அதிர்வைத் தடுக்கப் பசையை ஊற்றிக் கலத்தின் வாயையும் மூடிவிடுவோர் உளர். அங்ஙனம் செய்தால் கலம் தன் விலாப்புறத்தைக் கிழித்துக்கொண்டு அயற்கலத்தைச் சுடும். வாயு செல்லும் பாதை அயற்கலங்களையும் மின்னிணைப்புக்களையும் தொடாது தனி அறையாய் அமைதல் நன்று. கரிப்புகை மின்னைக் கடத்துமாதலின் புதிய குறுஞ்சுற்றுக்கும் அது ஏதுவாகும். வெப்பச் சீறல் நேரே மோதும் இடங்களில் அப்பிரகத் தகடு போன்ற தடுப்பு வேண்டும்.

நான்காவது, தணலையும் வாயுவையும் பிரித்தல் வேண்டும். பாதையை வளைத்தும், உலோக வலையை இடையிட்டும் துகள்களைப் படியச் செய்தால், வெளிவரும் வாயு பற்றும் வாய்ப்புக் குறையும். ஆயின் வலை அடைபட்டுவிடலாகாது.

ஐந்தாவது, வாயு சென்று சேரும் இடத்தை முன்னரே நிச்சயித்தல் வேண்டும். பயணிகள் இருக்கும் இடம், அவர் இறங்கும் வழி, காற்றை உள்ளிழுக்கும் துவாரம் ஆகியன விலக்கத்தக்கவை. பெருஞ் சேமிப்பறைகளில் வாயுவை உணரும் கருவி, எரிவாயுவின் அளவு பற்றும் எல்லையில் நாலிலொரு பங்கினை எட்டாமற் காக்கும் காற்றாடி, வெடித்தால் மேல்நோக்கித் திறக்கும் கூரைப்பலகை என்பன வேண்டப்படும்.

ஆறாவது, காகிதக் கணக்கோடு அமையாது, ஒரு கலத்தை வேண்டுமென்றே சூடேற்றிக் கட்டுமீறச் செய்து பேழையைச் சோதித்தல் வேண்டும். 2020 இல் வெளியான சீன நாட்டு நியமம் ஒன்று, வாகனத்தில் ஒரு கலம் கட்டுமீறினால், பயணிகளுக்கு ஆபத்து நேர்வதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்னதாக எச்சரிக்கை கிடைத்தல் வேண்டும் என விதித்தது. ஐந்து நிமிடம் என்பது சிறு பொழுதே. உறங்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு ஒருவர் இறங்குதற்கு அது போதும்.

முடிவுரை

இன்று சூரிய மின்படலத்தோடு சேமிப்புக்கலம் பொருத்திய வீடுகளும், இரவிலே மின்னேற்றப்படும் ஈருருளிகளும் நம்மிடையே பெருகி வருகின்றன. வீட்டின் ஒரே வாயிலை அடுத்த நடையில் அவற்றை வைத்து மின்னேற்றாதிருத்தலும், பேழையின் வாயுத் துவாரத்தை ஒட்டியோ மறைத்தோ விடாதிருத்தலும், ஊதிய கலத்தை ஊசியாற் குத்தாது வீட்டுக்குப் புறத்தே அகற்றுதலும் இக்கட்டுரையிற் கூறிய நியதியினின்றே எழும் சிறு கடமைகளாம்.

பொறியியல் பயிலப் புகும் மாணவர், பழுதே நேராத பொருளைச் செய்தலே தம் கலையின் உச்சம் என்று கருதுதல் இயல்பு. அம்முயற்சி கைவிடத்தக்கதன்று. ஆயினும் கோடிக்கணக்காகச் செய்யப்படும் கலங்களில் ஏதோ ஒன்று பழுதுறும் என்பது உறுதி. அந்த ஒன்று பழுதுறும் நாளில் அதன் அருகே இருக்கப்போகும் பயணியையும், கதவைத் திறக்கப்போகும் வீரனையும் வரைபலகையின் முன் அமர்ந்திருக்கும்போதே நினைப்பவன் எவனோ, அவனே வாயுவுக்கு உரிய வழியை அமைக்க வல்லவனாவான்.